அரசியல் அறிவியலை மேஜராக எடுக்கலாமா?

கேள்வி: பள்ளி இறுதி வகுப்பை முடித்திருக்கிறேன். பல துறைப் பாடங்களைக் கலந்து படிக்கும் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அரசியல் அறிவியலை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக எடுக்க ஆசை. சின்ன வயதிலிருந்தே அரசியல் செய்திகளை விடாமல் பார்ப்பேன், பேச்சுப் போட்டிகளில் பேசியிருக்கிறேன், எனக்கென்று உறுதியான கருத்துகளும் உண்டு. ஆனால் கணக்கு என்றால் பயம். அப்பாவோ, “பேப்பர் படித்தாலே தெரிகிற விஷயத்துக்கு நாலு வருஷமா? அதிலும் முக்கால்வாசி வேறு பாடமாம். முடித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய்?” என்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இந்தப் படிப்பில் உண்மையில் என்ன சொல்லித் தருகிறார்கள்? நான் சேரலாமா?

பதில்:

சேரலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சேருவதற்கு நீங்கள் எழுதியிருக்கும் காரணங்கள் போதாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இளங்கலை மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். முதல் வகுப்புக்கு வருபவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போன்றவர்கள்தான். செய்தி தவறாமல் பார்ப்பார்கள், நன்றாகப் பேசுவார்கள், யார் சரி யார் தவறு என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இருக்காது. அந்த ஆர்வத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அது இல்லாமல் இந்தப் பாடத்தில் நிலைக்க முடியாது. ஆனால் அதை மட்டும் நம்பி வருபவர்கள் சீக்கிரமே சோர்ந்துவிடுவார்கள். காரணம், வகுப்பில் அன்றைய செய்தியைப் பற்றிப் பேச்சே பெரும்பாலும் எழாது. யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். தன் ஒரு வாக்கு முடிவை மாற்றுவது அநேகமாக நடக்காத காரியம் என்று தெரிந்தும் மனிதர்கள் எதற்காக வரிசையில் நிற்கிறார்கள் என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியோடு ஒரு வாரம் உட்கார்ந்திருக்க உங்களுக்குப் பிடிக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

அப்பா சொல்வதில் பாதி உண்மை. என்ன நடந்தது என்பதைப் பேப்பரே சொல்லிவிடும். ஏன் இங்கே அப்படி நடந்தது, ஏன் வேறோர் இடத்தில் நடக்கவில்லை என்று தெரிந்துகொள்ள வேறு வகைப் பயிற்சி வேண்டும். நான் முதல் ஆண்டு மாணவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் உதாரணம் நியூசிலாந்து. 1978-லும் 1981-லும் அங்கே நடந்த பொதுத் தேர்தல்களில் தொழிற்கட்சிதான் அதிக வாக்குகள் வாங்கியது. அதிக இடங்களைப் பிடித்து ஆட்சியில் நீடித்ததோ தேசியக் கட்சி. 1981-ல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாக்கு வாங்கிய மூன்றாவது கட்சிக்கு 92 இடங்களில் இரண்டே இரண்டுதான் கிடைத்தது. எந்த மோசடியும் நடக்கவில்லை. தொகுதிதோறும் முதலில் வருபவர் வெற்றி என்ற முறையில் இப்படி நடப்பது சகஜம். 1993-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தி அந்த நாட்டு மக்கள் முறையையே மாற்றிக்கொண்டார்கள். 1996-ல் கலப்பு விகிதாச்சார முறையில், அதாவது கட்சி வாங்கும் வாக்கு விகிதத்துக்கு ஏற்ப அதன் மொத்த இடங்கள் அமையும் முறையில், முதல் தேர்தல் நடந்தது, ஆறு கட்சிகள் நாடாளுமன்றத்துக்குள் வந்தன. அதற்குப் பிறகு ஒரே கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்காளர்கள் ஒரே இரவில் வேறு மனிதர்களாகிவிடவில்லை. வாக்கை இடமாக மாற்றும் விதி மாறியது, அரசியலே வேறு மாதிரி ஆனது.

தொகுதிமுறை இரண்டு கட்சிகளை நோக்கித் தள்ளும் என்று பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவர்ஜே 1951-லேயே எழுதியிருந்தார். சரி, விதி கிடைத்துவிட்டது என்று மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்ளும்போதே அடுத்த கேள்வி வரும்: கனடாவிலும் இந்தியாவிலும் அதே தொகுதிமுறைதான் இருக்கிறது, அங்கே ஏன் இத்தனை கட்சிகள்? ஒவ்வொரு பகுதியிலும் போட்டி இரண்டு பேருக்குள்தான் நடக்கிறது, ஆனால் அந்த இரண்டு பேர் பகுதிக்குப் பகுதி வேறு என்பது பதிலின் ஒரு துண்டு. மீதியைத் தேடும்போது கூட்டாட்சி, மொழி, வரலாறு எல்லாம் உள்ளே வரும். விதியைச் சொல்வது, அதற்கு ஒத்துவராத நாட்டைத் தேடிப் பிடிப்பது, விதியைத் திருத்துவது. நான்கு வருடமும் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்வீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவில் மலாவி, ஜாம்பியா என்ற இரு நாடுகள் அருகருகே இருக்கின்றன. செவா, தும்புகா என்ற இரண்டு இனத்தார் எல்லையின் இரு பக்கமும் வாழ்கிறார்கள். எல்லைக்கோடு காலனி ஆட்சிக் காலத்தில் போடப்பட்டது. அதைப் போட்டவர்கள் இந்த மக்களைக் கேட்டுப் போடவில்லை. இரு பக்கமும் அதே மொழிகள், அதே வழக்கங்கள். ஆனால் மலாவியில் இந்த இரு இனத்தாரும் அரசியலில் எதிரிகள், ஜாம்பியாவில் கூட்டாளிகள். இனம் வேறு என்றாலே சண்டை வரும் என்று அடித்துப் பேசுபவர்களுக்கு இங்கே பதில் கிடையாது. டேனியல் போஸ்னர் என்ற அரசியல் அறிஞர் எல்லையோரக் கிராமங்களில் கள ஆய்வு செய்து 2004-ல் ஒரு விளக்கம் தந்தார். மலாவி சிறிய நாடு. அதன் மக்கள்தொகையில் இந்த இரு இனங்களும் ஆளுக்கொரு பெரிய வாக்கு வங்கி. தலைவர்களுக்கு இனத்தின் பெயரால் திரட்டினால் லாபம் உண்டு. ஜாம்பியாவிலோ இரண்டுமே சிறு கூட்டம். தனித்தனியாக நின்றால் எதுவும் கிடைக்காது, கிழக்குப் பகுதிக்காரர்கள் என்று ஒன்றாக நின்றால்தான் குரல் கேட்கும். பண்பாட்டு வேற்றுமை இருப்பது ஒன்று, அது அரசியல் பகையாவது இன்னொன்று என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆய்வுகள் குறைவு. இதை வகுப்பில் விளக்கி முடிக்கும்போது மாணவர்கள் தங்கள் ஊர் அரசியலை உடனே வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குவார்கள். நான் இந்தத் தொழிலில் இருப்பதற்கே அந்த நேரம்தான் காரணம் என்று சொல்லலாம்.

பாடப்பிரிவுகளைப் பொறுத்தவரை, எந்தப் பல்கலைக்கழகமானாலும் பெரும்பாலும் ஒரே அமைப்புதான்: அரசியல் கோட்பாடு, ஒப்பீட்டு அரசியல், சர்வதேச உறவுகள், சொந்த நாட்டு அரசியலும் பொதுக் கொள்கையும், இவற்றோடு ஆய்வு முறைகள். புதிதாக வருபவர்கள் சர்வதேச உறவுகளை நோக்கி ஓடுவார்கள்; தூதர், ஐ.நா., உச்சிமாநாடு என்று அதற்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. முதலில் ஒப்பீட்டு அரசியலை எடுங்கள் என்பது என் அழுத்தமான யோசனை. ஒரு நாட்டுக்குள் கட்சி, ராணுவம், நீதிமன்றம், பொருளாதாரம் எப்படி இயங்குகின்றன என்று தெரியாமல் நாடுகளுக்கு இடையே நடப்பதைப் படித்தால், சதுரங்கக் காய்கள் நகர்வதைப் பார்ப்பது போல மேலோட்டமாகப் போய்விடும்.

அடுத்து உங்கள் உறுதியான கருத்துகள். அவற்றை விட்டுவிட்டு வா என்று நல்ல ஆசிரியர் யாரும் சொல்லமாட்டார். ஆனால் அவற்றைச் சோதிக்கச் சொல்வார், அது வலிக்கும். கோட்பாட்டு வகுப்பில் ஜான் ரால்ஸ், ராபர்ட் நோசிக் என்ற இரண்டு அமெரிக்கத் தத்துவ அறிஞர்களையும் அடுத்தடுத்துப் படிப்பீர்கள். பிறக்கும்போது யார் வீட்டில் பிறப்போம் என்று தெரியாத நிலையில் இருந்துகொண்டு சமூகத்தின் விதிகளை எழுதச் சொன்னால் எப்படி எழுதுவோம் என்று 1971-ல் கேட்டார் ரால்ஸ். அப்படி எழுதினால், மிகக் கீழே இருப்பவரின் நிலை உயரும்படிதான் ஏற்றத்தாழ்வை அனுமதிப்போம் என்பது அவர் வாதம். ஒருவர் நேர்மையாகச் சம்பாதித்ததைப் பங்கிட்டுக் கொடுக்க அரசுக்கு என்ன உரிமை என்று 1974-ல் திருப்பிக் கேட்டார் நோசிக். இருவரும் ஹார்வர்டில் ஒரே தத்துவத் துறையில் வேலை செய்தவர்கள். நான் கொடுக்கும் பயிற்சி இதுதான்: உங்களுக்கு யாரைப் பிடிக்கவில்லையோ அவர் பக்கம் நின்று, அவரே படித்தால் ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி ஐந்து பக்கம் எழுதுங்கள். பேச்சுப் போட்டியில் ஜெயித்தவர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கஷ்டமாக இருக்கும். எதிராளியின் ஓட்டையைத் தேடியே பழகியவர்கள் அவர்கள். எழுதி முடித்த பிறகும் உங்கள் கருத்து மாறாமல் இருக்கலாம். ஆனால் அதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

கணக்குப் பயத்துக்கு வருவோம். பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர், மூன்று திட்டங்கள். முதலாமவருக்குப் பிடித்த வரிசை அ, ஆ, இ. இரண்டாமவருக்கு ஆ, இ, அ. மூன்றாமவருக்கு இ, அ, ஆ. இரண்டிரண்டாக வாக்கெடுப்பு நடத்துங்கள். அ-வும் ஆ-வும் மோதினால் அ ஜெயிக்கும். ஆ-வும் இ-யும் மோதினால் ஆ ஜெயிக்கும். அப்படியானால் அ-தானே இ-யையும் ஜெயிக்க வேண்டும்? மோதவிட்டுப் பாருங்கள், இ ஜெயிக்கும். மூன்று பேருமே தெளிவான ஆட்கள்தான், ஆனால் பெரும்பான்மை வட்டத்தில் சுற்றுகிறது. எந்த இரண்டை முதலில் மோதவிடுவது என்று முடிவு செய்பவர் கையில்தான் முடிவே இருக்கிறது. இதை 1785-ல் எழுதியவர் கொண்டோர்செ என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர். புரட்சிக் காலத்தில் சிறையில் இறந்துபோனவர். இதை இன்னும் விரிவாக்கி, சில நியாயமான நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒருசேர நிறைவேற்றும் வாக்கு முறை இருக்கவே முடியாது என்று 1951-ல் நிரூபித்தார் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ. இப்போது நீங்கள் செய்து பார்த்ததும் கணிதம்தான். பயமாக இருந்ததா?

புள்ளியியலும் படிக்கத்தான் வேண்டும், அதில் சலுகை கேட்காதீர்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் போட்டார்கள். குடியரசுக் கட்சியின் லேண்டன் ஜெயிப்பார் என்று பத்திரிகை அறிவித்தது. ஆனால் 48 மாநிலங்களில் 46-ஐ எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். முகவரிகளைக் கார் பதிவேடு, தொலைபேசி விவரத் தொகுப்பு போன்றவற்றிலிருந்து எடுத்திருந்தார்கள். பொருளாதாரப் பெருமந்த காலத்தில் கார் வைத்திருந்தவர்கள் நாட்டின் சராசரி மக்கள் இல்லை. அட்டை வந்தும் பதில் போடாதவர்கள் வேறு விதமாக நினைத்தார்கள் என்பது இன்னொரு காரணம். அதைவிட மிகக் குறைந்த பேரை மட்டும் கேட்டு, கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார். தேர்தல் காலத்தில் வெளிவரும் ஒவ்வொரு கருத்துக்கணிப்பையும் யாரைக் கேட்டார்கள், யார் பதில் சொல்லவில்லை என்று விசாரிக்கத் தெரிந்தவர், அது தெரியாதவரைவிட எவ்வளவோ மேல். அதற்குத் தேவையான புள்ளியியல் உங்கள் பள்ளிக் கணக்கைவிடக் கடினமானது இல்லை. முதல் ஆண்டிலேயே எடுத்துவிடுங்கள். கடைசி ஆண்டுக்குத் தள்ளிவைத்தால், ஆய்வேடு எழுதும் நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

எலினோர் ஆஸ்ட்ரோம் என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பெண் என்பதால் அவரைத் திரிகோணவியல் படிக்கவிடவில்லை. கணிதப் பின்னணி போதாது என்று பொருளாதார முனைவர் படிப்பில் இடம் மறுக்கப்பட்டது. இளங்கலையில் தான் படித்த அரசியல் அறிவியலிலேயே ஆய்வைத் தொடர்ந்து 1965-ல் முனைவர் ஆனார். மீன்வளம், காடு, பாசன நீர் போன்ற பொதுச் சொத்துகளைச் சாதாரண மக்கள் தாங்களே விதி வகுத்து எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். வேண்டிய கணிதத்தை வேலையோடு வேலையாகக் கற்றுக்கொண்டார். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்.

அப்புறம், வேறு பாடங்கள் படிக்க வேண்டும் என்ற குறை. லிபரல் ஆர்ட்ஸ் அமைப்பில் மொத்தப் படிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மேஜர் பாடம். அப்பா சொல்வது கிட்டத்தட்டச் சரி. ஆனால் மேலே நான் சொன்னவற்றைத் திரும்பப் பாருங்கள்: தத்துவம், கணிதம், மானுடவியல், பொருளாதாரம் எல்லாம் கலந்துதானே வந்தன? ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றையும் சேர்த்து ஒரே பட்டமாக 1920-களின் தொடக்கத்திலிருந்தே கற்பிக்கிறார்கள். கலவை பலவீனம் இல்லை. உதிரியாகப் போவதுதான் ஆபத்து. நேரம் ஒத்துவருகிறது, மதிப்பெண் தாராளமாகப் போடுவார், தோழி எடுக்கிறாள் என்று செமஸ்டருக்கு ஒன்றாகப் பொறுக்கினால், நான்காம் வருட முடிவில் கையில் ஒன்றும் நிற்காது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் மேஜருக்கு வெளியே நான்கு விஷயங்களை விடாமல் பிடித்துக்கொள்வேன்: பொருளாதார அடிப்படை, புள்ளியியல், ஏதாவது ஒரு பிராந்தியத்தின் வரலாறு, அந்தப் பிராந்தியத்தின் மொழி. மொழியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூல ஆவணத்தையும் உள்ளூர்ப் பத்திரிகையையும் நேரடியாகப் படிக்க முடிந்தவருக்கும் மொழிபெயர்ப்பை நம்பி இருப்பவருக்கும் ஆய்வில் பெரிய வித்தியாசம் உண்டு. மற்ற இடங்களில் உங்கள் விருப்பம்போல வானியலோ நாடகமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் படிப்பின் உண்மையான வேலை எழுதுவதுதான். வாரம் நூறு பக்கத்துக்குமேல் படித்து, அதைச் சுருக்கி, எங்கே ஒத்துக்கொள்கிறீர்கள், எங்கே இல்லை, ஏன் என்று எழுத வேண்டும். இப்போது கட்டுரையை மென்பொருளிடம் எழுதி வாங்கிவிடலாம். வாங்கினால் மதிப்பெண் வரலாம்; ஆனால் சிந்தனை ஓடுவது எழுதும்போதுதான், அந்தப் பயிற்சி உங்களுக்குக் கிடைக்காமலே போய்விடும். கடைசி ஆண்டு ஆய்வேடு கட்டாயமில்லை என்றாலும் எழுதுங்கள். ஒரே கேள்வியோடு ஒரு வருடம் மல்லுக்கட்டிய அனுபவம் இந்த வயதில் வேறு எங்கும் கிடைக்காது. சிறிய வகுப்புகள் இருக்கும் இடத்தில் ஆசிரியர் உங்கள் வரைவை வரிவரியாகப் பார்த்துத் திருத்துவார். லிபரல் ஆர்ட்ஸ் இடத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல காரணம் அதுதான்.

வேலை. அப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: ‘அரசியல் அறிவியலாளர் தேவை’ என்ற விளம்பரம் ஆய்வு நிறுவனங்களுக்கு வெளியே அநேகமாக வராது. சட்டம், ஆட்சிப் பணி, பத்திரிகை, கொள்கை ஆய்வு, கருத்துக்கணிப்பு, நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகம், தொண்டு நிறுவனம், நாட்டு நிலவரத்தைக் கணித்துச் சொல்லும் நிறுவனங்கள் என்று எங்கெங்கோ போவார்கள். இவற்றில் பலவற்றுக்கு இன்னொரு படிப்போ தேர்வோ தேவைப்படும். ஐ.நா.வின் தொழில்முறைப் பதவிகள் பலவற்றுக்கு முதுகலைப் பட்டம் எதிர்பார்க்கிறார்கள். எனவே பொறியியல் படித்தவரைவிட முதல் வேலை தாமதமாகலாம். இதைத் தாங்க முடியுமா என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். நன்றாக எழுதவும், தரவுகளைக் கையாளவும், கூடுதலாக ஒரு மொழி பேசவும் தெரிந்தவர்கள் வேலையில்லாமல் நின்றதை நான் அதிகம் பார்த்ததில்லை. பட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய கடன் வாங்கித்தான் சேர முடியும் என்றால் என் பதில் மாறும். நல்ல ஆசிரியர்கள் உள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இதே பாடத்தைக் குறைந்த செலவில் படித்து, மற்ற பாடங்களை நீங்களாகத் தேடிப் படிப்பது மோசமான வழி இல்லவே இல்லை. கடன் சுமை இருந்தால், மெதுவாகத் தொடங்கும் இந்தத் துறையில் பிடித்த வேலைக்காகப் பொறுத்திருக்க முடியாது.

சேரும் முன் பல்கலைக்கழகத்திடம் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். மேஜருக்கு உரிய வகுப்புகளை நிரந்தர ஆசிரியர்கள் எடுக்கிறார்களா, ஆண்டுதோறும் மாறும் வருகைப் பேராசிரியர்களா? போன ஆண்டு ஆய்வேடு எழுதியவர்கள் எத்தனை பேர், அவற்றில் ஒன்றிரண்டைப் படிக்கத் தருவார்களா? இரண்டாம் ஆண்டில் மேஜரை மாற்றலாமா? நிறுவனத்தின் நிதி நிலை எப்படி? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சிங்கப்பூரில் 2013-ல் முதல் மாணவர்களைச் சேர்த்து, நல்ல பெயர் எடுத்த யேல்-என்.யு.எஸ். என்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியையே மூடப்போவதாக 2021-ல் அறிவித்தார்கள். சேர்ந்திருந்த மாணவர்கள் படிப்பை முடிக்கும் வரை நடத்தி 2025-ல் மூடினார்கள்.

வகுப்பு தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கும். உங்களுக்கு எதுவுமே தெரியாத ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள். அங்கே கடைசியாக நடந்த பொதுத் தேர்தலில் எந்தக் கட்சி எத்தனை சதவீத வாக்கு வாங்கியது, எத்தனை இடம் பிடித்தது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். இரண்டுக்கும் இடைவெளி இருந்தால், ஏன் என்று நீங்களாக ஒரு பக்கம் எழுதுங்கள். யாரிடமும் கேட்காமல், உங்களுக்குத் தோன்றும் காரணங்களை மட்டும் எழுதுங்கள். பிறகு அந்த நாட்டின் தேர்தல் சட்டத்தைத் தேடிப் படித்து, உங்கள் காரணங்களில் எது நிற்கிறது என்று பாருங்கள். இதைச் செய்யும்போது மணி போவது தெரியவில்லை என்றால் தயங்காமல் சேருங்கள். அந்தத் தாளை அப்பாவிடமும் காட்டுங்கள். நீங்கள் எதைப் படிக்கப் போகிறீர்கள் என்பது அவருக்கும் புரியும்.